கோழிக்கால் குறியிட்ட மூட்டைகள்

அனுப்புநர்
ச. ஷிபானா, பி.காம்.,
த/பெ. சனாவுல்லா (பழைய சாக்கு வியாபாரம்),
ரயில் நிலையச் சாலை,
வாலாஜாபாத், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: நெல் கொள்முதல் – உத்திரமேரூர் வட்டம், செங்காட்டுத்தாங்கல் கொள்முதல் நிலையம் – விவசாயி திருமதி எல்லம்மாளின் 38 மூட்டைகள் 28 நாட்களாக எடுக்கப்படாமல் இருப்பது – மனுதாரரின் முதுநிலை ஆய்வேடு அதற்குக் காரணமாக அமைந்தது – நிலையம் மூடப்படும் 28.02.2009-க்குள் நெல்லை எடுக்க உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1) மனுதாரரின் ஆய்வேடு, ஜூன் 2008.
2) நிலையத்தின் வாய்மொழி மறுப்புகள், மூன்று. (எழுத்தில் ஒன்றும் தரப்படவில்லை.)

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம்.

1. இம்மனுவை எழுதும் நான் பாதிக்கப்பட்டவள் அல்ல. பாதிப்புக்குக் காரணமானவர்களில் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் விசாரணையில் தெரியவந்தால் மறைத்தேன் என்று ஆகிவிடும்.

2. நான் தொலைநிலைக் கல்வியில் பொருள் மேலாண்மை முதுநிலைப் பட்டத்துக்குப் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட சிறப்புப் பாடம் 'நெறிசார்ந்த, நீடித்த கொள்முதல்'. ஒரு பொருளை வாங்கும்போது விற்பவருக்கும் உழைப்பவருக்கும் மண்ணுக்கும் கெடுதல் வராமல் வாங்குவது எப்படி என்பதுதான் பாடம். சனி, ஞாயிறுகளில் சென்னையில் வகுப்பு. என் தகப்பனாருக்கு இந்தப் பாடத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "சாக்கு வாங்கறதுக்கு எங்கூட நாலு நாள் வந்தாலே வந்துடும். இதுக்குப் போயி ரெண்டு வருசமா?" என்பார். ஆனாலும் வகுப்பு நாட்களில் காலை ரயிலுக்கு என்னை ஏற்றிவிட ஒருநாளும் தவறியதில்லை.

3. பாடப் புத்தகத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் வெளிநாட்டுக் காப்பித் தோட்டங்கள், சட்டைத் தொழிற்சாலைகள். எனக்கு அவற்றைப் போய்ப் பார்க்க வழியில்லை. எங்கள் கடைக்கு வரும் சாக்குகளில் பாதி நெல் மூட்டையாக இருந்து வந்தவை. எனவே நெல்லையே எடுத்துக்கொண்டேன். உரிய அனுமதி பெற்று, 2008 பிப்ரவரி மாதம் சம்பா அறுவடையின்போது பதினேழு நாட்கள் செங்காட்டுத்தாங்கல் நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் சாலவாக்கம் பேருந்தில் போய், மாலையில் அதே பேருந்தில் திரும்புவேன். நிலைய ஊழியர்கள் எனக்கு நாற்காலி தந்தார்கள், தேநீர் வாங்கித் தந்தார்கள். அதை மறக்கவில்லை.

4. பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவசாயிகள் பெயரில் வியாபாரிகள் கொண்டுவந்த மூட்டைகள் வந்த அன்றைக்கே உள்ளே போயின. சிறு விவசாயிகளின் மூட்டைகள் சராசரியாக ஆறு நாட்கள் களத்தில் கிடந்தன. மூட்டையில் குத்தூசி செருகி நெல் எடுத்து, ஈரப்பதமானியில் வைத்து, பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்பது விதி. விதியில் குற்றமில்லை. அந்தக் கருவி யாருடைய மூட்டைக்கு வெளியே எடுக்கப்பட்டது என்பதைத்தான் நான் நாள்வாரியாகக் குறித்துவைத்தேன்.

5. ஏழு விவசாயிகள் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள். பெயர் வெளியே வராது என்று ஏழு பேருக்கும் நான் வாக்குக் கொடுத்தேன். பேசுபவரின் அடையாளத்தைக் காப்பது எங்கள் பாடத்தில் முதல் விதி. தேர்விலும் வரும் கேள்வி.

6. இப்போது என் தவறுக்கு வருகிறேன். பெயருக்குப் பதில் ஏதாவது குறியீடு வேண்டும். அ, ஆ, இ என்று போட்டிருக்கலாம், ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கலாம். நான் அவர்களுடைய மூட்டைக் குறிகளைப் போட்டேன். களத்தில் பலருடைய மூட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால், கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு விவசாயியும் சாக்கின் மேல் நீலத்திலோ காவியிலோ ஒரு குறி வரைவார். ஒருவருக்குப் பிறை, ஒருவருக்குச் சூலம், ஒருவருக்கு அரிவாள். எல்லம்மாளின் குறி கோழிக்கால்: கீழே ஒரு கோடு, மேலே மூன்று விரல், நீலத்தில்.

7. இவ்வளவு வெளிப்படையான ஒன்றை நான் எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று தாங்கள் கேட்கலாம். நானும் பல நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சாக்குக் கடையில் வளர்ந்தவள். எங்களிடம் வரும் ஒரு சாக்கில் நாலைந்து குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவை எந்த ஊர், யாருடையவை என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்து விற்றுவிடுவோம். சாக்கில் இருக்கும் குறி, ஆள் தெரியாத அடையாளம் என்றுதான் சிறுவயது முதல் என் மனதில் பதிந்திருக்கிறது. செங்காட்டுத்தாங்கலில் அதுதான் ஆளின் முகம். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் இது தோன்றவில்லை. 'அடையாளப் பாதுகாப்பு' என்ற பகுதிக்கு அவர் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் தந்தார். மண்ணின் மணம் உள்ள முறை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

8. இரண்டாவது தவறு, நானாகவே போய்ச் செய்தது. ஆய்வு முடிந்தபின் அதன் முடிவுகளை, ஆய்வுக்கு உட்பட்ட இடத்துக்கும் தரவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. மற்ற மாணவர்கள் யாரும் தருவதில்லை. நான் தந்தேன். எளிதாகப் படிக்கட்டும் என்று பதினான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, 2008 ஜூலையில் நிலையத்தின் பட்டியல் எழுத்தரிடம் என் கையாலேயே கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். என் ஆய்வேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

9. அதில் ஒன்பதாம் பக்கத்தில், கோழிக்கால் குறிக்கு எதிரே, எல்லம்மாள் சொன்னது அப்படியே இருக்கிறது: "ஈரம் பாக்குற மிசினு எங்க மூட்டைக்கிதான் வெளிய வருது. வியாபாரி மூட்டை வந்தா பொட்டிக்குள்ளயே தூங்கிக்கினு கீது." ஆய்வேட்டிலேயே நல்ல வாக்கியம் அதுதான். அந்த வாக்கியத்துக்காகவே என்னைப் பாராட்டியவர்கள் உண்டு.

10. இனி இந்தப் பருவத்தில் நடந்தவை. எல்லம்மாள் செங்காட்டுத்தாங்கலில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுபவர். வயது ஐம்பதுக்கு மேல். 19.01.2009 அன்று 38 மூட்டைகளை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். என்னிடம் பேசிய ஏழு பேரில் இந்த ஆண்டு முதலில் வந்தவர் அவர்தான்.

அன்று, ஈரம் அதிகம் என்று சொல்லப்பட்டது. எத்தனை சதவீதம் என்று சொல்லப்படவில்லை. நான்கு நாள் களத்தில் கொட்டிக் காயவைத்து 23-ஆம் தேதி மறுபடி காட்டினார். பதர் அதிகம் என்று சொல்லப்பட்டது. மறுபடி தூற்றி 28-ஆம் தேதி காட்டினார். சாக்கு கிழிசல், மாற்றிக்கொண்டு வா என்று சொல்லப்பட்டது.

11. இந்த மூன்றாவது காரணத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. சாக்கு மாற்றவேண்டும் என்பதால் எல்லம்மாள் 30-ஆம் தேதி பேருந்து பிடித்து வாலாஜாபாத் வந்தார். வந்தது எங்கள் கடைக்கு. நான் அப்போது இல்லை. என் தகப்பனார் அவர் கொண்டுவந்திருந்த மாதிரிச் சாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாமா கிழிசல் கீது? என் கடையில இதவிட நல்ல சாக்கே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் எல்லம்மாள் நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். என் பெயரைச் சொல்லி, பாய் வீட்டுப் பெண்ணிடம் போன வருடம் பேசியதிலிருந்துதான் இப்படி என்று தனக்கு ஒரு சந்தேகம் என்றும் சொல்லியிருக்கிறார். என் தகப்பனார் பத்து சாக்குகளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அன்று இரவு சாப்பிடும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தம்மா சொன்னத நீ எங்கியாவது எழுதி வச்சிக்கிறியா?"

12. பிப்ரவரி முதல் தேதியும் இரண்டாம் தேதியும் பருவம் தவறி மழை பெய்தது. களத்தில் தார்ப்பாய் போர்த்தியிருந்தும் தண்ணீர் அடியில் ஓடியது. அடி வரிசையில் இருந்த 11 மூட்டைகள் நனைந்து முளைவிட்டுவிட்டன. நான் 4-ஆம் தேதி போனபோது, சாக்கின் நெசவு இடுக்குகளில் பச்சையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பிடியை எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டேன். இதை மனுவோடு இணைக்கலாமா என்று தெரியவில்லை, இணைத்துவிட்டேன்.

13. சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவரிடம், இது யாருடைய மூட்டை என்று எழுத்தருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கோயிக்கால் எல்லம்மாக்காதுன்னு இந்த ஊர்ல நாய்க்குக்கூட தெரியும். படிச்ச பொண்ணு, இதுகூட தெரியாமயா எய்தின?" என்றார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த முறை குறியும் போடவில்லை.

14. பிறகு பட்டியல் எழுத்தரைப் பார்த்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து என் தமிழ்ச் சுருக்கத்தை எடுத்தார். ஒன்பதாம் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஏழு குறிகளுக்கும் பக்கத்தில் ஏழு பெயர்கள் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன. ஏழும் சரி. கையெழுத்து அழகாக இருந்தது.

15. மற்ற ஆறு பேருக்கு என்ன ஆயிற்று என்பதையும் விசாரித்தேன். எல்லம்மாளின் மூட்டைகள் களத்தில் கிடப்பதைப் பார்த்து இரண்டு பேர் நிலையத்துக்கே வராமல் வியாபாரியிடம் கொடுத்துவிட்டார்கள். நான்கு பேர் தங்கள் மூட்டைக் குறியை அழித்துவிட்டு வேறு குறி வரைந்துகொண்டு வந்தார்கள். அந்த நான்கு பேரின் நெல்லும் ஒரே நாளில் எடுக்கப்பட்டது. குறி மாறினாலும் ஆள் அதேதான் என்பது எழுத்தருக்குத் தெரியாததல்ல. மாற்றிக்கொண்டு வந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களில் ஒருவர் சாலவாக்கம் பேருந்தில் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், உத்திரமேரூர் வரும்வரை திரும்பவில்லை. அவர்கள் யார் யார் என்பது நிலையத்துக்குத் தெரியும். தங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. மன்னிக்கவும்.

எல்லம்மாளுக்கும் குறியை மாற்றச் சொல்லி யோசனை சொல்லியிருக்கிறார்கள். அவர் மாற்றவில்லை.

16. 06.02.2009 அன்று எழுத்தர் எனக்கு ஒரு வழி சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். என் ஆய்வேட்டில் உள்ளவை எல்லாம் என் கற்பனை, விவசாயிகள் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், மறுநாளே மூட்டைகள் உள்ளே போகும். என் வாய்மொழித் தேர்வு மார்ச் 14-ஆம் தேதி. இப்படி ஒரு கடிதம் வெளியே இருந்தால் பட்டம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

17. நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். இதை மறைக்க விரும்பவில்லை. முளைவிட்ட மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு ஒரு பட்டம் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு வருட ரயில் பயணம், இரண்டு வருடப் படிப்பு, எல்லாம் போகட்டும் என்றுதான் எழுதினேன். கையொப்பமிடுவதற்கு முன் எல்லம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று 9-ஆம் தேதி களத்துக்குப் போனேன். போன வருடம் அவர் சொன்னதை எழுதியபோது அவருக்குப் படித்துக் காட்டவில்லை. இந்த முறையாவது காட்டவேண்டும் என்று தோன்றியது.

18. அவர் மூட்டையின்மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. அவர் சொன்னதை அவர் அனுமதியுடன் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"ஏம்மா, நான் சொன்னது பொய்யின்னு நீ எய்திக் குடுத்துட்டா, நாளைக்கி நான் மூட்டையில ஈரமில்லன்னு சொன்னா எவன் நம்புவான்? அடுத்த வருசமும் நான்தான இங்க வரணும், நீயா வரப்போற? நீ மறைச்சி எய்தின பாரு, அதாலதான் நான் மாட்டிக்கினேன். எம் பேர எய்தியிருந்தா நானும் ஒரு வார்த்த யோசிச்சிருப்பேன், அவனும் ஒரு வார்த்த யோசிச்சிருப்பான். இந்த வாட்டி கலெக்டர் பெரியவருக்கு எய்து. எம் பேர போட்டு எய்து. குறியும் போடு."

அதன் பிறகு எனக்கு வெயில் ஏறுகிறது என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

19. இரண்டு வருடத்தில் எனக்குப் பாடமாக வந்த எந்த விதியையும்விட இது எனக்கு உறைத்தது. ஏழு பேரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவர்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் நான் முடிவு செய்திருக்கிறேன். எழுத்தரும் அவர்களைக் கேட்காமல்தான் முடிவு செய்கிறார். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

20. 12.02.2009 அன்று வாலாஜாபாத் அரிசி ஆலை ஒன்றிலிருந்து ஈரப்பதமானி ஒன்றை இரவல் வாங்கிச் சென்று, நனையாத 27 மூட்டைகளையும் மூன்று மூன்று இடத்தில் குத்தூசி செருகிப் பார்த்தோம். ஒன்றிலும் பதினைந்தரை சதவீதத்தைத் தாண்டவில்லை. அது அரசுக் கருவி அல்ல என்பது தெரியும். ஆனால் அதன் முள் எங்கே நின்றது என்று எல்லம்மாளும் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு வருடமாக நெல் போடுகிறாராம், அந்தக் கருவியின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாராம்.

21. ஆகவே, தாங்கள் கருணைகூர்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிடவேண்டும் எனப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

அ) நிலையம் 28.02.2009 அன்று மூடப்படுகிறது. அதற்குள் வேறொரு அலுவலர் நேரில் வந்து, எல்லம்மாளின் கண்முன்னே 27 மூட்டைகளையும் சோதித்து, தகுதியிருந்தால் எடுக்கவேண்டும். தகுதி இல்லையென்றால் அதை எழுத்தில் தரவேண்டும். மூடியபின் அவருக்கு இருக்கும் ஒரே வழி, அவர் யாரைப் பற்றிப் பேசினாரோ அந்த வியாபாரிதான்.

ஆ) முளைவிட்ட 11 மூட்டைகள் யாருடைய தாமதத்தால் கெட்டன என்று விசாரிக்கவேண்டும். என் பங்கையும் சேர்த்தே விசாரிக்கலாம், கூப்பிட்டால் வருகிறேன்.

இ) ஈரப்பதம் பார்க்கும்போது கருவி காட்டும் எண்ணை விவசாயிக்குக் காட்டி, ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும்.

ஈ) இம்மனுவை அறிக்கை கேட்டு அதே நிலையத்துக்கு அனுப்பவேண்டாம். அங்கே ஏற்கெனவே என் சுருக்கத்தின் பிரதி ஒன்று மேசையில் இருக்கிறது.

22. எழுத்தரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பயத்தால் அல்ல. அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு மனுவை முடித்துவிடுவார்களோ என்பதால்தான். அவர் போனாலும் கருவி பெட்டிக்குள்தான் இருக்கும்.

23. வாய்மொழித் தேர்வுக்கு நான் போவேன். இந்த மனுவின் நகலையும் எடுத்துச் செல்வேன். என் ஆய்வேட்டின் ஒன்பதாம் பக்கம் தவறான முறையில் எழுதப்பட்டது, ஆனால் அதில் உள்ளது உண்மை என்று அங்கே சொல்வேன். பட்டம் தருவது அவர்கள் விருப்பம்.

24. எல்லம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இம்மனு முழுவதும் 15.02.2009 அன்று களத்தில் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது. இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன். கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டினேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு, சாக்குக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, ஒரு குச்சியைத் தோய்த்து, கீழே உள்ளதை வரைந்தார். இதையே அவருடைய கையொப்பமாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அந்த நிலையத்தில் இதை அடையாளம் தெரியாதவர் யாரும் இல்லை.

இடம்: வாலாஜாபாத்
நாள்: 16.02.2009

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ச. ஷிபானா

இணைப்பு:
1. ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கம், 14 பக்கங்கள். (ஒன்பதாம் பக்கத்தில் ஆறு குறிகள் மை பூசி மறைக்கப்பட்டுள்ளன. ஏழாவது மறைக்கப்படவில்லை.)
2. எழுத்தர் கேட்ட கடிதம், கையொப்பமிடப்படாதது.
3. முளைவிட்ட நெல், ஒரு பொட்டலம்.

என் பெயரைப் போட்டு எழுதப்பட்ட இம்மனுவுக்கு நான் சம்மதிக்கிறேன்:

எல்லம்மாள், செங்காட்டுத்தாங்கல்
(நீலத்தில் கோழிக்கால் குறி)